ஃபிரிட்ஜ் தந்த பாடம்

பாகூர் கொம்யூனில் உள்ள கரையாம்புத்தூருக்கு, சின்ன நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். வழியெல்லாம் நெல்லும் கரும்பும்! புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வருவது குழந்தைகளுக்கு ஒரே வேடிக்கை.

சாயங்காலம் ஃபேன் ஏனோதானோவென்று சுற்றியது. ஃபிரிட்ஜ் முனகியது. "வயல்ல மோட்டார் ஓடுது அண்ணி, வோல்டேஜ் இருக்காது" என்றாள் நாத்தனார்.

அப்போதுதான் என் சின்னவள் ஈரக்கையோடு ஃபிரிட்ஜைத் தொட்டு அலறினாள். நல்லவேளை, லேசான ஷாக்தான்!

எலக்ட்ரீஷியன் வந்து பார்த்தால், எர்த் கம்பி துருப்பிடித்து அறுந்திருந்தது. "ஸ்டெபிலைசர்தான் இருக்கிறதே?" என்றேன்.

"அது ஃபிரிட்ஜைக் காப்பாற்றும்மா, குழந்தையைக் காப்பாற்றாது" என்றார் அவர்.

அவர் சொன்ன யோசனைகள்:

* வீட்டுக்கு வரவேண்டியது 230 வோல்ட். ரொம்பக் குறைந்தால் ஃபிரிட்ஜை நிறுத்திவிடுங்கள். கம்ப்ரஸர் சூடேறிக் கெட்டுவிடும்.

* கரண்ட் போய் வந்தால் ஐந்து நிமிஷம் பொறுத்துப் போடுங்கள்.

* கரியும் உப்பும் போட்ட எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள்.

* 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும்.

எர்த்தைச் சரிசெய்து, ஆர்.சி.சி.பி.யும் மாட்டிய பிறகே ஊர் திரும்பினோம். உங்கள் வீட்டிலும் இன்றே பார்த்துவிடுங்களேன்!