கடமற்றத்துக் கல் சிலுவை

கொச்சியிலிருந்து தனுஷ்கோடி போகும் நெடுஞ்சாலை மூவாற்றுப்புழையைத் தொடுவதற்குச் சற்று முன்னால் கடமற்றம் என்ற ஊர் வருகிறது. இதே சாலைதான் கோதமங்கலம், அடிமாலி, மூணாறு என்று இடுக்கி மலைகளில் ஏறி, போடிமெட்டு வழியாகத் தேனிப் பக்கம் இறங்குகிறது. கடமற்றம் என்றதும் மலையாளிகளுக்கு நினைவுக்கு வருபவர், மந்திரம் கற்று யட்சிகளை அடக்கியதாகக் கதைகளில் உலவும் கடமற்றத்துக் கத்தனார் என்ற பாதிரியார். அந்தக் கதைகளைவிட எனக்குப் பெரிய வியப்பு, அங்குள்ள பழைய தேவாலயத்தின் பலிபீடப் பகுதிச் சுவரில் பதித்திருக்கும் கல் சிலுவை.

இவ்வகைச் சிலுவைகளில் இயேசுவின் உடல் கிடையாது. கைகளின் முனைகள் மொட்டு அவிழ்வதுபோல் விரிந்திருக்கும். ஓரத்தில் ஓடும் எழுத்து பஹ்லவி, அதாவது சாசானியர் காலப் பாரசீகத்தின் எழுத்து. சென்னை பரங்கிமலையில் 1547-இல் போர்த்துகீசியர் கண்டெடுத்த சிலுவையிலும், கோட்டயம் வலியபள்ளியிலும், முட்டுச்சிறையிலும் ஏறத்தாழ இதே வாசகம்தான். அதை எப்படி வாசிப்பது என்று அறிஞர்கள் நூறாண்டுக்கு மேல் வாதாடினார்கள். ஒருவரின் பெயரைச் சொல்லி அவருக்குக் கிறிஸ்துவின் இரக்கத்தை வேண்டுகிறது என்பது இன்று பலர் ஏற்கும் வாசிப்பு.

மலையடிவாரத்துக்குப் பாரசீகம் எப்படி வந்தது? மிளகால் வந்தது. 6-ஆம் நூற்றாண்டில் கோஸ்மாஸ் என்ற அலெக்சாந்திரிய வணிகர், மிளகு விளையும் 'மலே' நாட்டில் ஒரு திருச்சபை இருந்ததையும், கல்லியானாவில் பாரசீகத்திலிருந்து நியமனம் பெற்ற ஆயர் ஒருவர் இருந்ததையும் எழுதி வைத்தார். கி.பி. 52-இல் இயேசுவின் சீடர் தோமா வந்திறங்கினார் என்ற நம்பிக்கையைக் கேரளக் கிறிஸ்தவர்கள் உயிராகப் போற்றுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு உரிய மதிப்பு உண்டு. ஆனால் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சான்று பாரசீக வணிகர் காலத்திலிருந்துதான் தொடங்குகிறது.

அந்தச் சான்றுகளில் தலையாயது கொல்லத்துத் தரிசாப்பள்ளிச் செப்பேடு. கி.பி. 849, சேர மன்னன் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டு. வேணாட்டை ஆண்ட அய்யன் அடிகள், மார் சபீர் ஈசோ எழுப்பிய பள்ளிக்கு, அதாவது தேவாலயத்துக்கு, நிலமும் குடிகளும் வரிவிலக்கும் தருகிறார். எல்லை வகுக்கப் பெண் யானையை நடத்துகிறார்கள். நகரத்தின் நிறைகோலையும் அளவுகளையும் காக்கும் பொறுப்பும் பள்ளியிடம் வருகிறது. சந்தையின் நேர்மையை ஒரு வழிபாட்டிடத்தின் கையில் ஒப்படைத்த இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது. மூலம் வட்டெழுத்தில் இருக்கிறது. அதன் மொழி தமிழருக்கு அந்நியமானதல்ல. சாட்சிகளோ கூஃபி அரபியிலும் பஹ்லவியிலும் எபிரேய எழுத்திலும் கையொப்பமிட்டிருக்கிறார்கள். முஸ்லிம்களும் யூதர்களும் ஜரதுஷ்டிர சமயத்தாரும் ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் உரிமைக்குச் சாட்சி நின்ற ஆவணம் இது.

இவ்வளவு பழைய சபைக்கு ஏட்டுச் சான்றுகள் ஏன் இத்தனை அரிதாயின? 1599-இல் கோவாவின் போர்த்துகீசியப் பேராயர் மெனெசஸ் உதயம்பேரூரில் கூட்டிய மாமன்றம், அச்சபையின் சுரியானி மொழி நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டது. ஒரு மக்களின் நினைவைத் தீயில் போட்ட செயல் அது. அதன் பிறகு பழங்காலத்தைப் பேச எஞ்சியவற்றில் கல்லுக்கும் செம்புக்கும் முதலிடம்.

1653-இல் மட்டாஞ்சேரியில் கூனன் சிலுவைச் சத்தியம் என்ற உறுதிமொழி எடுத்துப் போர்த்துகீசியப் பிடியிலிருந்து பலர் விலகினார்கள். மேற்காசியாவிலிருந்து ஆயர்கள் மீண்டும் வரத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான எல்தோ மார் பசேலியோஸ், தமிழ்நாட்டுப் பக்கமிருந்து மலை கடந்து, பள்ளிவாசல் என்ற ஊர் வழியாக 1685-இல் கோதமங்கலம் வந்து சேர்ந்தார் என்பது மரபு. தள்ளாத முதுமை, வந்த சில நாட்களிலேயே காலமானார். கல்லறை அங்குள்ள செறியபள்ளியில் இருக்கிறது. வழி தெரியாமல் நின்றவரை ஊருக்கு அழைத்து வந்தவர் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு நாயர் என்கிறார்கள். கன்னி மாதத் திருவிழா ஊர்வலத்தில் விளக்கேந்தி முன்னால் நடக்கும் உரிமை இன்றும் அந்த நாயரின் குடும்பத்தாருக்கே.