பாலுக்கு முன் சூடு

தாயை இழந்த சுண்டெலிக் குஞ்சுகள் யாருடைய கையிலாவது வந்து சேரும்போது, அவற்றுக்குப் பசிக்குமே என்ற எண்ணம்தான் பெரும்பாலும் முதலில் எழுகிறது. உடனே பால் காய்ச்சப்படுகிறது, பஞ்சு நனைக்கப்படுகிறது, குளிர்ந்து விறைத்த குஞ்சின் வாயில் அது வைக்கப்படுகிறது, சில மணி நேரத்தில் குஞ்சும் இறந்துவிடுகிறது. இப்படி இறக்கும் குஞ்சுகள் பசியால் இறப்பதில்லை. உடல் வெப்பம் தாழ்ந்த குஞ்சின் குடல் ஏறத்தாழ நின்றுபோய்விடுவதால், உள்ளே சென்ற பால் செரிக்காமல் தங்கிப் புளித்து, வயிற்றை உப்பச் செய்து, மூச்சையே அடைத்துவிடுகிறது. ஆகவே இந்த வேலையில் பழகியவர்கள் குஞ்சைக் கையில் வாங்கியதும் அதன் வயிற்றைத் தம் உள்ளங்கையின் மேல் வைத்துச் சூடு பார்க்கிறார்கள்; குளிர்ச்சி தெரிந்தால் பாலைப் பற்றிய பேச்சே அடுத்த ஒரு மணி நேரத்திற்கு எழுவதில்லை. தாய் எலியின் பணிகளை வரிசைப்படுத்தினால் சூடு முதலிலும், நீர் அடுத்தும், பால் அதற்கும் அடுத்தும் வரும். கைவளர்ப்பின் வெற்றி தோல்வி பெரும்பாலும் இந்த வரிசையைக் காப்பதில்தான் இருக்கிறது.

வந்திருப்பது எந்த உயிரினத்தின் குஞ்சு என்பதைத் தெளிந்துகொள்வதும் முதல் சில நிமிடங்களுக்குள் முடிய வேண்டிய காரியம். தமிழ்நாட்டில் வீட்டுப் பரணிலும், பழைய துணி மூட்டையிலும், நவராத்திரிக்காகத் திறக்கப்படும் கொலுப் பெட்டியின் வைக்கோலுக்குள்ளும் கிடைப்பது பெரும்பாலும் முஸ் முஸ்குலஸ் என்ற வீட்டுச் சுண்டெலியின் குஞ்சாக இருக்கும்; நெல் அறுவடையின்போதோ வரப்பு வெட்டும்போதோ மண்வெட்டி முனையில் வெளிப்படுவது முஸ் பூடுகா எனப்படும் வயல் சுண்டெலியின் குஞ்சாக இருக்கக்கூடும். பிறந்த சுண்டெலிக் குஞ்சு ஏறத்தாழ 1 கிராம் எடைதான் இருக்கும். அதே இளஞ்சிவப்பு நிறத்தில் 5 கிராம் எடையுடன் கிடைப்பது பெரிய எலியின் குஞ்சு. மூக்கு நீண்டு கூர்ந்து, கண் இருக்கும் இடம் வெறும் புள்ளியாகத் தெரிந்தால் அது மூஞ்சூறு. மூஞ்சூறு கொறிணி இனத்தைச் சேர்ந்தது அன்று, பூச்சிகளைத் தின்று வாழ்வது என்பதால், தானியத்தை நோக்கிக் கொண்டுசெல்லும் சுண்டெலி வளர்ப்பு முறை அதற்குப் பொருந்தாது.

அக்குஞ்சு உண்மையிலேயே அநாதைதானா என்பது அதைவிடக் கடினமான கேள்வி. கூடு கலைந்தவுடன் தாய் ஓடி மறைவது வழக்கம். ஆரவாரம் அடங்கியபின் திரும்பி வந்து ஒவ்வொரு குஞ்சாக வாயில் கவ்விப் புதிய இடத்திற்குக் கொண்டுசெல்வதும் வழக்கமே. மனிதக் கை பட்டுவிட்டால் தாய் ஏற்காது என்ற பரவலான நம்பிக்கையால் தேவையில்லாமல் அநாதையாக்கப்படும் குஞ்சுகள் பல. தாய் இறந்து கிடப்பது கண்ணால் காணப்படாதவரை, குஞ்சுகளைக் கூட்டின் பழைய பொருள்களுடனேயே ஆழமில்லாத ஒரு பெட்டியில் வைத்து, அடியில் இளஞ்சூடான நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி வைத்து, பூனையும் எறும்பும் அண்டாதபடி பழைய இடத்தருகே விட்டுவிட்டு, ஆட்கள் விலகி இருப்பதே முதல் சிகிச்சை. வளர்ப்பவரின் திறமையைவிடத் தாயின் மறதியின்மை நம்பத்தக்கது.

தாய் வராதபோது வயதைக் கணிக்க வேண்டும். மயிரில்லாமல், காதுமடல் தலையோடு ஒட்டியிருந்தால் பிறந்து இரண்டு மூன்று நாள்களுக்குள் இருக்கும். காதுமடல் விரிந்து, முதுகில் மென்மயிர் நிழல்போல் தெரிந்தால் ஐந்து நாள் அளவில் இருக்கும். உடல் முழுதும் மயிர் மூடி, கண் மட்டும் திறவாமல் இருந்தால் பத்து நாளைத் தாண்டியிருக்கும். கண் திறப்பது 12 முதல் 14 நாள்களுக்குள். முதல் வாரத்துக் குஞ்சைக் கையால் வளர்த்துப் பிழைக்க வைப்பது அரிது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுவதே நேர்மை. ஆய்வுக்கூடங்களில்கூடத் தாயிழந்த குஞ்சுகளுக்குக் கையால் ஊட்டுவதில்லை; அதே நாளையொட்டி ஈன்ற வேறொரு தாயின் கூட்டில், அக்கூட்டின் படுக்கைத் துகள்களைக் குஞ்சுகள்மேல் மெல்லத் தேய்த்து மணத்தை ஒன்றாக்கிய பின், அவற்றைச் சேர்த்துவிடுவதே அங்குள்ள வழக்கம்.

சூட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிறந்த குஞ்சின் தோள்பட்டைகளுக்கு இடையே பழுப்புக் கொழுப்பு என்ற திசு உள்ளது. நடுக்கம் இல்லாமலே வெப்பத்தை உண்டாக்குவது இதன் தொழில். ஆயினும் ஒரு கிராம் உடலின் பருமனோடு ஒப்பிடத் தோலின் பரப்பு மிகப் பெரியது என்பதால், உண்டாகும் வெப்பம் உடனுக்குடன் வெளியேறிவிடுகிறது. குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடப்பது இந்த இழப்பைக் குறைக்கவே. தனிக்குஞ்சாக வந்தது கூட்டமாக வந்ததைவிட எளிதில் இறப்பதற்கும் இதுவே காரணம். மயிரில்லாக் குஞ்சுக்குக் கூட்டினுள் 30 பாகை செல்சியசுக்குச் சற்று மேற்பட்ட வெப்பம் வேண்டும். சென்னையின் சித்திரை மாதத்தில் அறையே அதைத் தந்துவிடும், மார்கழி இரவில் தராது. பெட்டியின் அடியில் பாதிப் பரப்பில் மட்டும் சூடு படும்படி அமைத்து மறுபாதியை விட்டுவைத்தால், நகரத் தெரிந்த குஞ்சு தனக்கு வேண்டிய இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். சூடு மிகுந்தால் குஞ்சுகள் விலகி, கைகால் பரப்பி, தோல் சிவந்து கிடக்கும். குறைந்தால் நிறம் வெளிறி அசைவு மந்தமாகும். விறைத்து இறந்ததுபோல் தோன்றும் குஞ்சுகூட மெல்லமெல்லச் சூடேற்றினால் உயிர் பெறுவது உண்டு; அடுப்பருகே வைத்து விரைவாகச் சூடேற்றினால் பெறுவதில்லை.

குஞ்சு அழவில்லை என்பதால் அது நலமாக இருக்கிறது என்று கொள்வதற்கில்லை. குளிரும் தனிமையும் நேர்ந்தால் சுண்டெலிக் குஞ்சு கூவத்தான் செய்கிறது. ஆனால் அக்குரலின் பெரும்பகுதி 40 கிலோஹெர்ட்சுக்கு மேற்பட்ட மீயொலியாக, அதாவது மனிதக் காதின் 20 கிலோஹெர்ட்சு எல்லைக்கு அப்பாற்பட்ட ஒலியாக இருக்கிறது. சிப்பெலியஸ், ஷ்லைட் என்ற இருவர் 1956இல் இதை எழுதி வெளியிட்டனர். தாய் எலி கேட்டு ஓடிவரும் அந்தக் குரல் வளர்ப்பவருக்குக் கேட்காது என்பதால், அவர் கடிகாரத்தையும் தம் விரல் நுனியையும் மட்டுமே நம்ப வேண்டியவராகிறார்.

சூடேறிய குஞ்சுக்கு முதலில் தருவது இளஞ்சூடான உப்புச் சர்க்கரைக் கரைசல். கழுத்துத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் அது மடிந்தபடியே நிற்குமானால் உடலில் நீர் வற்றியிருக்கிறது என்று பொருள். பிறகே பால், அதுவும் கரைசலோடு கலந்து தொடங்கிப் படிப்படியாகச் செறிவு கூட்டப்படுவது. பசும்பால் இதற்கு ஏற்றதன்று. பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 விழுக்காடும் புரதம் 3 விழுக்காட்டை ஒட்டியும் இருக்க, சுண்டெலியின் பாலில் இரண்டுமே அதைப்போல் இரு மடங்கைத் தாண்டியும், பால் சர்க்கரையான லாக்டோஸ் குறைந்தும் இருக்கின்றன. எனவே பசும்பால் குடித்த குஞ்சு கழிச்சல் கண்டு, பெற்ற நீரையும் இழக்கிறது. பூனைக்குட்டிகளுக்கென்று விற்கப்படும் பால்மாவு இதற்கு ஓரளவு நெருங்கி வருகிறது.

ஊட்டும் முறையில்தான் கை தேர்ச்சி தெரிகிறது. குஞ்சை மல்லாத்திப் பிடிப்பது பெரும் பிழை. தாயின் அடியில் கிடப்பதுபோல் குப்புற, தலை சற்றே உயர்ந்திருக்குமாறு, துணியில் பொதிந்து இரு விரல்களுக்கிடையே பிடித்து, ஓவியர் பயன்படுத்தும் மிக நுண்ணிய தூரிகையின் நுனியைப் பாலில் தோய்த்து உதட்டோரம் வைத்தால், குஞ்சின் நாக்கு, ஊசிமுனை அளவே உள்ள அந்த நாக்கு, துளியைத் தேடி வெளியே வரும். அது நக்கி விழுங்கும்வரை அடுத்த துளி தரலாகாது. அவசரப்பட்டால் புரையேறி, மூக்குத் துளையில் பால் குமிழாக வந்து நிற்கும். உடனே தலையைத் தாழ்த்தித் துடைத்துவிட்டு அந்த வேளை ஊட்டலை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் நுரையீரலுக்குள் போன பால் ஓரிரு நாளில் நிமோனியாவாக முடிகிறது. ஒரு வேளைக்கு உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு என்பது பொதுவான அளவு. 2 கிராம் குஞ்சுக்கு 0.1 மில்லிலிட்டர். சிரிஞ்சால் அளப்பவர்கள் இன்சுலின் சிரிஞ்சின் கோடுகள் மில்லிலிட்டரில் இல்லாமல் யூனிட்டில் குறிக்கப்பட்டிருப்பதையும், 40 யூனிட் வகையில் 4 யூனிட்டும் 100 யூனிட் வகையில் 10 யூனிட்டும்தான் இந்த 0.1 மில்லிலிட்டர் என்பதையும் நினைவில் கொள்வது நல்லது. மயிர் முளைக்காத குஞ்சின் தோல் கண்ணாடிபோல் இருப்பதால், பால் நிறைந்த இரைப்பை இடப்பக்க விலாவின் கீழ் வெண்ணிறப் பட்டையாக வெளியே தெரியும். அப்பட்டை பெரிதும் குறைந்த பிறகே அடுத்த வேளை. இளங்குஞ்சுக்கு இது இரவு பகலாக இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை என்ற கணக்கில் வந்து நிற்கிறது.

குஞ்சுக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது என்பது புதியவர்கள் அறியாத செய்தி. தாய் நக்கித் தூண்டினால்தான் அது கழியும். வளர்ப்பவர் ஒவ்வொரு ஊட்டலுக்குப் பின்னும் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடிவயிற்றிலிருந்து வால் நோக்கி மெல்லத் தடவி அவ்வேலையைச் செய்ய வேண்டும். கண் திறக்கும்வரை இதை விட்டுவிடுவதற்கில்லை.

தாய்ப்பாலில் உணவு மட்டும் இல்லை. நோயெதிர்ப்புப் புரதங்களைக் குஞ்சு சீம்பாலிலும் அதன் பின் வரும் பாலிலும் பல நாள்களுக்குப் பெறுகிறது. எந்தப் பால்மாவாலும் அதை ஈடுசெய்ய இயலாது. சில வேளைகளில் நோயும் பாலின் வழியே வரும். அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் பிட்னர், மார்புப் புற்று மிகுதியாகக் காணும் பரம்பரையின் குஞ்சுகளை வேறு தாயிடம் பாலருந்த விட்டபோது அப்புற்று குறைந்ததை 1936இல் வெளியிட்டார். பாலில் இருந்த அந்தக் காரணி ஒரு வைரஸ் என்பது பிறகு தெளிவாயிற்று.

வேளை தவறாமை என்பதும் தாய் தருவதே. இதை மெய்ப்பித்த ஆய்வு வயல் சுண்டெலியைக் கொண்டே மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நடந்தது. உயிரியல் கடிகார ஆய்வில் பெயர்பெற்ற எம். கே. சந்திரசேகரனும் என். விசுவநாதனும், நாளின் ஒரு பகுதியில் தாயைக் குஞ்சுகளுடன் இருக்கவிட்டு மறுபகுதியில் பிரித்துவைத்தபோது, ஒளியின் துணையில்லாமலே அந்த வரவு போக்குக்கு ஏற்பக் குஞ்சுகளின் உடற்கடிகாரம் அமைந்ததைக் கண்டு 1985இல் நேச்சர் இதழில் எழுதினர். ஒரு நாள் நள்ளிரவில் மூன்று முறையும் மறுநாள் நள்ளிரவில் ஒருமுறையும் ஊட்டுகிறவர் பாலின் மொத்த அளவில் குறை வைக்காவிட்டாலும், குஞ்சின் கடிகாரத்தைக் குழப்பத்தான் செய்கிறார்.

வளர்ப்பவரின் நலமும் இதில் அடங்கும். எலியின் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரோசிஸ், நாட்டு வழக்கில் எலிக்காய்ச்சல், ஒருபுறம் இருக்க, வீட்டுச் சுண்டெலி வழியே பரவும் ஒருவகை மூளையுறை வைரஸ் கருவில் இருக்கும் சிசுவைத் தாக்கவல்லது என்பதால் கர்ப்பிணிகள் இந்த வேலையில் இறங்கவே கூடாது. கையுறையும் சோப்பும் மற்றவர்களுக்குப் போதும். சட்டத்தைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் எலிகளையும் காக்கையையும் தொல்லை உயிரிகள் என்று நிறுத்தியிருந்த அட்டவணை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டது.

கண் திறந்த குஞ்சுகள் இரண்டொரு நாளில் வேறு பிராணியாகிவிடுகின்றன. மூடியைத் திறந்ததும் பொரிபோல் எகிறிக் குதிக்கும் இந்தப் பருவத்தில், ஊறவைத்த கம்பு, கேழ்வரகு, மசித்த பட்டாணி, தட்டையான மூடியில் சிறிது நீர் என்று பரப்பி வைத்துவிட்டுப் பாலை மெல்லக் குறைக்க, மூன்று வாரத்தில் பால் மறந்துபோகும். அதன்பின் கையில் எடுப்பதை அடியோடு நிறுத்திவிடுவது நல்லது. கையைக் கண்டு பதுங்காத சுண்டெலி பூனையைக் கண்டும் பதுங்காது. ஆறு வாரத்தில் இனப்பெருக்கத்திற்கு முதிர்ந்துவிடும் என்பதால், அதற்கு முன்பே ஆண் பெண் பிரிக்கவோ வெளியே விடவோ வேண்டும். வயல் சுண்டெலியை அறுவடை முடிந்து மொட்டையாகக் கிடக்கும் வயலில் விடுவது கூகைக்கு இரை வைப்பதற்குச் சமம். புதரும் புல்லும் மூடிய வாய்க்கால் கரையில், பொழுது சாய்ந்த வேளையில், பழகிய கூளத்துடன் பெட்டியைச் சாய்த்து வைத்து, சில இரவுகளுக்கு அதே இடத்தில் தானியம் தூவி வர வேண்டும். வீட்டுச் சுண்டெலியை எங்கே விடுவது என்பதில் வளர்ப்பவர்களுக்குள் இன்னும் கருத்து ஒற்றுமை இல்லை. அக்கம்பக்கத்தார் சமையலறைகளுக்கு எட்டாத தொலைவு என்பதில் மட்டும் எல்லாரும் உடன்படுகிறார்கள்.