செலவு எழுதாத நோட்டு

பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் கணக்கு நோட்டைக் காட்டினாலும் வரவை விட்டுவிட்டு செலவுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவான். செலவே இல்லாத கடை உலகத்தில் கிடையாது. அப்படி ஒரு நோட்டு இருந்தால் ஒன்று பொய்க்கணக்கு, இல்லாவிட்டால் பாதிக்கணக்கு.

அப்படி ஒரு நோட்டை சேத்தியாத்தோப்புப் பக்கம் நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பெரியம்மாவின் ஊர் அது. கும்பகோணம் - சென்னை ரோடும் சிதம்பரம் - விருத்தாசலம் ரோடும் சந்திக்கிற இடம். ஒரு பக்கம் வெள்ளாறு, ஒரு பக்கம் வீராணம். ஆலை சீசனில் கரும்பு லாரிகளுக்கு நடுவே ரோட்டைக் கடப்பதே ஒரு சாகசம். 2015-இல் பெரியம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி. வலிக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. (ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. அதன் மோசமான குணமே அதுதான்.) ஒருவழியாக ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். புற்றுநோய். பரவவில்லை, அக்குளில் நெறி கட்டவில்லை. "சீக்கிரம் வந்துட்டீங்க. ஆபரேஷன், அப்புறம் கீமோ" என்றார் டாக்டர். மொத்தம் நாலு நிமிஷம். வெளியே அறுபது பேர் காத்திருந்தார்கள்.

'சீக்கிரம்' என்ற வார்த்தை வீட்டில் யார் காதிலும் ஏறவில்லை. 'கீமோ'தான் ஏறியது. "முடியெல்லாம் கொட்டிடுமாம்டா. அந்தக் கோலத்தோட ஒரு கல்யாணம் காட்சிக்குப் போக முடியுமா?" என்றார் பெரியம்மா. நான் சென்னையிலிருந்து போனில் கத்தியது எடுபடவில்லை.

வைத்தியர் பேர் வேண்டாம். அரை மணி நேரம் நாடி பார்த்தாராம். பேரன் படிப்பு வரைக்கும் விசாரித்தாராம். "கத்தி வெச்சா பரவிடும்மா" என்று ஒரே போடாகப் போட்டார். ஏற்கெனவே பரவிவிட்ட பிறகு ஆபரேஷனுக்குப் போய், பிழைக்காமல் போனவர்களைப் பார்த்துப் பார்த்து ஊரில் உருவான நம்பிக்கை அது. சூரணம், லேகியம், புளி கூடாது, கத்திரிக்காய் கூடாது, மீன் கூடாது. நாற்பத்தெட்டு நாள் ஒரு மண்டலம்.

மூன்றாவது மண்டலத்தில் நானே நேரில் போனேன். நீளமான கணக்கு நோட்டை எடுத்துக் காட்டினார். பேர், ஊர், செல் நம்பர், கடைசிக் கட்டத்தில் 'நலம்'. பக்கம் பக்கமாக நலம். பெரியம்மா பேருக்கு நேரேயும் நலம். கட்டி இளகுவதாக அவரே சொன்னாராம்.

"நலமாகாதவங்க பேரு எந்தப் பக்கம் எழுதுவீங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"அவங்க திரும்ப வரலையே தம்பி. வரலைன்னா சரியாப் போச்சுன்னுதானே அர்த்தம்?"

கிண்டலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஐந்தாவது மண்டலத்தில் கட்டி புண்ணாகி உடைந்தது. ஜிப்மருக்கு ஓடினோம். நுரையீரலில் பரவியிருந்தது. எந்தக் கீமோவுக்குப் பயந்தாரோ, அதே கீமோ. முன்பு குணப்படுத்த, இப்போது கொஞ்ச நாள் தள்ளிப்போட. முடி கொட்டியது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷம் இருந்தார். அந்த நோட்டில் இன்னமும் நலமாகத்தான் இருப்பார்.

மூலிகைமேல் எனக்குப் பகை இல்லை. பெரியம்மா வீட்டுக் கொல்லையில் நித்தியகல்யாணி பூத்துக் கிடக்கும். சுடுகாட்டு மல்லி என்று சிலர் ஒதுக்கிவைக்கிற செடி. சர்க்கரை நோய்க்கு ஆகுமா என்று 1950-களில் கனடாவில் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தச் செடியிலிருந்து பிரித்தவைதான் வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் வின்கிறிஸ்டின் இன்றைக்கும் முக்கியமான மருந்து. அளவு கூடினால் நரம்பைக் கெடுக்கும். இலையைப் பறித்து அரைத்துக் குடித்தால் விஷம். எத்தனை பேருக்குக் கேட்டது, எத்தனை பேருக்குக் கேட்கவில்லை, யாருக்குக் கெடுதல் செய்தது என்று எல்லாவற்றையும் எழுதிவைத்துத்தான் சரியான அளவைக் கண்டுபிடித்தார்கள். பெரியம்மா பயந்த 'கெமிக்கல்' வகையறாவில் ஒன்று, அவர் தினமும் தண்ணீர் ஊற்றிய செடியில் இருந்தது!

முள்சீத்தா பழத்துக்கு இந்த மாதிரி நோட்டு கிடையாது. வாட்ஸ்அப் மட்டும்தான் உண்டு.

மாற்று வைத்தியம் மட்டும் போதும் என்று இருந்துவிட்டவர்களின் கணக்கை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தார் எடுத்தார்கள். 2018-இல் இதழில் வந்தது. நோய் வேறு உறுப்புக்குப் பரவாத 281 பேர். ஒப்பிட்டுப் பார்க்க, வழக்கமான சிகிச்சை எடுத்த 560 பேர். முதல் கூட்டத்தில் சாவு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் மட்டும் ஐந்து மடங்குக்கு மேல்.

ஆஸ்பத்திரி நோட்டில் செலவுப் பக்கம் உண்டு. 'ஐந்து வருஷம் தாண்டியவர்கள் இத்தனை சதவீதம்' என்றால், தாண்டாதவர்களையும் எண்ணியாகிவிட்டது என்று அர்த்தம். 1923-இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-இல் அடையாறில் 12 படுக்கைகளோடு கேன்சர் இன்ஸ்டிடியூட்டைத் தொடங்கினார். புற்றுநோயைக் குணப்படுத்துகிறேன் என்று விளம்பரம் செய்யக் கூடாது என்கிற மத்திய சட்டமும் அதே 1954-இல்தான் வந்தது. ஆஸ்பத்திரி வளர்ந்தது. சட்டம் இருப்பதை சேத்தியாத்தோப்பு பஸ் ஸ்டாண்டு சுவர்களில் யாரும் கேள்விப்பட்ட மாதிரி தெரியவில்லை.

ஆனால், அந்த வைத்தியர் கொடுத்த அரை மணி நேரத்தை நான் கேலி செய்ய மாட்டேன். பெரியம்மா அங்கே போனதே அதற்காகத்தான். கீமோவில் கொட்டுகிற முடி, சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும். இதைச் சொல்ல அந்த டாக்டருக்கு நாலு நிமிஷத்தில் பத்து விநாடி போதும்.