விடுபடக் கூடாதவர்கள்

இதயச் செயலிழப்பு மருந்து ஆய்வில் வேலை செய்கிறேன் என்றால், ஆய்வகத்தில் உட்கார்ந்து ஏதோ கண்டுபிடிப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள். என் வேலையில் பாதிக்கு மேல், ஆய்வில் சேர்ந்த ஒருவரையும் தவறவிடாமல் தொடர்ந்து விசாரித்துக்கொண்டிருப்பதுதான். இதய ஆய்வின் உயிர்நாடியே அதுதான் என்பேன்.

எங்களிடம் வரும் இளம் மருத்துவர்களுக்கு முதலில் ‘காஸ்ட்’ ஆய்வைச் சொல்வேன். மாரடைப்பிலிருந்து பிழைத்த சிலருக்கு நடுநடுவே தாளம் தப்பிய துடிப்புகள் வரும். அவை அதிகமாக இருப்பவர்கள் திடீரென்று இறந்துபோகும் ஆபத்தும் அதிகம். அப்படியானால் மருந்தால் அந்தத் துடிப்புகளை அடக்கினால் பிழைப்பார்கள் என்று நம்புவது இயல்புதானே? என்கைனைடு, ஃபிளெகைனைடு என்ற இரு மருந்துகளும் அடக்கவே செய்தன. மருந்துக்குத் துடிப்பு அடங்கியவர்களாகப் பார்த்துத்தான் ஆய்வில் சேர்த்தார்கள். ஆனாலும் 1989 ஏப்ரலில் அவ்விரு மருந்துகளையும் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. மருந்து எடுத்த 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை எடுத்த 743 பேரில் 26 பேர்தான்.

தனியாக வைத்தியம் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் இது தெரிந்திருக்காது. மாரடைப்பு வந்தவர் இறந்தால், நோய் கொண்டுபோய்விட்டது என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்வோம். இரு பக்கத்தையும் கடைசி ஆள்வரை எண்ணியதால்தான் உண்மை வெளியே வந்தது.

பீட்டா பிளாக்கர் கதை இதற்கு நேர்மாறு. ஏற்கெனவே தளர்ந்த இதயத்துக்குத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் மருந்து ஆகவே ஆகாது என்று சொல்லிக்கொடுத்த காலம் அது. 1975இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் வாக்ஸ்டைனும் சக மருத்துவர்களும் 7 நோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்கள் தேறியதை எழுதினார்கள். 7 பேரை வைத்து யார் நம்புவார்கள்? 1999இல் ‘சிபிஸ்-2’ ஆய்வின் முடிவு வந்தது. மொத்தம் 2,647 பேர், ஏறக்குறைய சரிபாதியாகப் பிரிக்கப்பட்டவர்கள். வெற்று மாத்திரைப் பக்கம் 228 இறப்பு, பிசோப்ரோலால் என்ற பீட்டா பிளாக்கர் பக்கம் 156.

இந்த மருந்தை 1.25 மில்லிகிராமில் தொடங்கி வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். ஆரம்பத்தில் பலருக்கு அசதி கூடும். பலன் தெரிய மாதங்கள் ஆகும். “இதைப் போட்டதுலேர்ந்து கை கால் ஓய்ஞ்சு போவுது டாக்டரம்மா, நிறுத்திட்டேன்” என்று ஒருவர் சொல்லும்போது அவரைக் குறை சொல்ல மனம் வராது. ஆனால் மாத்திரையை நிறுத்தியவரைக் கணக்கிலிருந்தும் எடுத்துவிட்டால் ஆய்வு பொய்யாகிவிடும். உடம்பு மோசமானவர்கள்தானே பெரும்பாலும் நிறுத்துகிறார்கள்? அவர்களை நீக்கிவிட்டால் எந்த மருந்தும் நல்ல மருந்தாகத் தெரியும். அதனால் ஒப்புதல் வாங்கும் நாளிலேயே சொல்லிவிடுவேன்: “ஐயா, மாத்திரை பிடிக்கலேன்னா நிறுத்திக்கலாம், அது உங்க உரிமை. ஆனா நாங்க போன் பண்ணி விசாரிக்கிறதுக்கு மட்டும் சம்மதம் குடுங்க.” அவர் எண்ணோடு மனைவி, மகன், பக்கத்து வீட்டுக்காரர் எண்களையும், அவர்கள் சம்மதித்தால், வாங்கி வைப்போம். அறுவடைக்கோ கட்டட வேலைக்கோ ஊர் மாறிப் போகிறவர்களை வேறெப்படிப் பிடிப்பது?

சில நேரம் மகனோ மகளோ எடுத்து, “அப்பா தவறிட்டாருங்க” என்பார்கள். அதற்குப் பிறகுதான் மிகக் கடினமான கேள்விகள். எத்தனை மணிக்கு? தூக்கத்திலா? முந்தின நாள் மூச்சு வாங்கியதா, கால் வீங்கியிருந்ததா, படுக்கத் தலையணை கூட்டி வைத்துக்கொண்டாரா? துக்க வீட்டில் இதைக் கேட்பது நெஞ்சை அறுக்கும். கேட்காமலும் இருக்க முடியாது. நன்றாக இருந்தவர் சட்டென்று போனாரா, நாளுக்கு நாள் நீர் கோத்து இதயம் ஓய்ந்து போனாரா என்பதை அந்தப் பதில்களை வைத்துத்தான், அவர் எந்த மாத்திரை எடுத்தார் என்று தெரியாத ஒரு குழு தீர்மானிக்கும். சிபிஸ்-2இல் திடீர் மரணங்கள் 83க்கு 48 என்று குறைந்திருந்தன. அதைச் சொல்ல முடிந்தது, யாரோ சிலர் அத்தனை வீடுகளிலும் இதையெல்லாம் பொறுமையாக விசாரித்ததால்தான்.

“அப்பா சாப்பிட்டது நிஜ மருந்துதானா?” என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. எனக்கும் தெரியாது, ஆய்வு முடியும்வரை தெரியவும் கூடாது. முடிந்ததும் நானே சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்து, அந்த எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்வேன். முடிவு வந்த வாரத்தில் முதலில் கூப்பிடுவது அவர்களைத்தான்.