படிக்கட்டின் கீழ் ஒரு சைக்கிள்

சாவியைத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஹேண்டில்பாரில் இருந்த சின்னத் திரை இருண்டே கிடந்தது.

2020இல் ஊரடங்கு தளர்ந்த பிறகு மகனும் நானும் சேர்ந்து செய்த மின்சார சைக்கிள் அது. டெல்லி ஜண்டேவாலான் சந்தையில் சைக்கிள் வாங்கினோம். வயர்களும் ஸ்விட்சும் செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டில். பின்சக்கரத்தில் 250 வாட் மோட்டார், 36 வோல்ட் லித்தியம் பேட்டரி. மகன் கல்லூரிக்காக புனே போனதும், மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் படிக்கட்டுக்குக் கீழே எட்டு மாதம் சும்மா நின்றது. மெட்ரோ நிலையம்வரை ஓட்டலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டியபோதுதான் இந்தச் சோதனை.

மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் கண்ட்ரோலர்தான் போயிருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். எனக்குப் புரியாத பாகம் அது ஒன்றுதான். புதிது வாங்கப் புறப்படுமுன் மகனுக்குப் போன் செய்தேன்.

"யூகிக்காதீங்கப்பா, அளந்து பாருங்க" என்றான்.

நியாயம்தான். மொழிபெயர்ப்பில் ஒரு வாக்கியம் தடுமாறினால் கடினமான சொல்லின்மேல் பழிபோடாமல் முதல் சொல்லிலிருந்து படித்துப் பார்க்க வேண்டும் என்று இளையவர்களிடம் சொல்லுகிறவன் நான்.

மல்டிமீட்டரை எடுத்தேன். ஃப்யூஸ் சரியாக இருந்தது. பேட்டரி பிளக்கின் முனைகள், செருகும்போதெல்லாம் பறந்த தீப்பொறியால் கறுத்திருந்தன. சுரண்டிச் சுத்தம் செய்தும் பயனில்லை. கண்ட்ரோலரை விழிக்கச் செய்யும் மெல்லிய வயரில் பேட்டரியின் முழு வோல்டேஜும் வந்தாக வேண்டும். வரவில்லை. பேட்டரியிலிருந்து வெளியே வரும் வயர்களிலேயே மீட்டர் 2 வோல்ட்கூடக் காட்டவில்லை.

"மோதிரத்தைக் கழட்டிட்டுப் பெட்டியைத் திறங்க. ரெண்டு முனையும் ஒண்ணையொண்ணு தொட்டுடக் கூடாது" என்றான்.

உள்ளே செல்களின் மொத்த வோல்டேஜ் 33.8. அதாவது பேட்டரியில் சக்தி இருக்கிறது, வெளியே வரவில்லை. நடுவில் இருப்பது பி.எம்.எஸ். எனப்படும் கையகலக் காவல் பலகை மட்டுமே. குற்றவாளி பிடிபட்டான் என்று மகிழ்ந்தேன்.

தெருமுனையில் இ-ரிக்‌ஷா பழுதுபார்க்கும் இளைஞர் வந்து பார்த்தார். அந்தப் பலகையைத் தாண்டி ஒரு துண்டு வயரை வைத்தார். திரை பளிச்சென்று எரிந்தது. "சல் ஜாயேகி, ஸாப்" என்றார், ஓடிவிடுமாம். அரை மணி நேர வேலை, சொற்பக் கூலி. மகனிடம் பெருமையாகச் சொன்னேன்.

சற்று நேரம் அவன் பேசவில்லை. பிறகு கேட்டான்: "பத்து செல் தொகுதியையும் தனித்தனியா அளந்தீங்களா?"

அளந்தேன். ஒன்பது தொகுதிகள் 3.6 வோல்ட் காட்டின. ஒன்று மட்டும் 1.4.

"பலகை கெடலைப்பா. அது தன் வேலையைத்தான் செஞ்சிருக்கு."

லித்தியம் செல் முழுதாக நிறைந்திருந்தால் 4.2 வோல்ட். சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடக் கூடாது. மிகவும் வற்றிப்போனால் உள்ளேயிருக்கும் செம்பு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகலாம், தீப்பிடிக்கலாம். அதுவும் அன்றைக்கே நடக்க வேண்டுமென்பதில்லை. ஒரு தொகுதி வற்றியதும் பலகை மொத்த பேட்டரியையும் துண்டித்தது இதற்காகத்தான்.

நாங்கள் இரவில் சார்ஜ் போடும் இடம் படிக்கட்டுக்குக் கீழே. மூன்று மாடி, எட்டுக் குடும்பங்கள். இறங்க அந்த ஒரே வழிதான். மேல்மாடிப் பாட்டி ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்குவார்.

இளைஞருக்குக் கூலியைக் கொடுத்துவிட்டு அந்தத் துண்டு வயரை எடுத்துவிட்டேன்.

பழைய பேட்டரியின் முனைகளுக்கு டேப் சுற்றி, மின்னணுக் கழிவு சேகரிப்பவர்களிடம் ஒப்படைத்தேன். புதியது வாங்கிய செலவில் அந்த மாத பட்ஜெட் ஆட்டம் கண்டது. இப்போது சார்ஜ் போடுவது பால்கனியில், பகலில், நான் விழித்திருக்கும்போது மட்டும். ஓட்டாத நாட்களில் பேட்டரியைப் பாதி சார்ஜில் வைக்கிறேன்.

மாதத்தில் ஒரு ஞாயிறு வோல்டேஜை அளந்து மகனுக்கு எண்ணை அனுப்புகிறேன். "சரிப்பா" என்று பதில் வரும். முன்பெல்லாம் அந்த ஒரு சொல்கூட வராத மாதங்கள் உண்டு.