மூன்று மணிச் சர்க்கரை

சர்க்கரை நோயாளிகளின் நோட்டுகளைப் புரட்டிப் பார்ப்பதில் எனக்கு ஆர்வம் அதிகம். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எவ்வளவு, படுக்கப் போகும்போது எவ்வளவு என்று கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மட்டும் கட்டமே இருக்காது. இன்சுலின் போடுகிறவர்கள் பயப்பட வேண்டிய நேரம் அதுதான்.

என் அத்தை மும்பை டிராம்பேயில், சீட்டா கேம்ப்பில் இருக்கிறார். அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனியை 1976-இல், நெருக்கடி நிலையின்போது காலி செய்தார்களே, அப்போது இங்கே கொண்டுவந்து விடப்பட்ட குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அவருக்குச் சில நாள் காலையில் சர்க்கரை இருநூறைத் தாண்டும். சில நாள் எண்பதில் நிற்கும். தலைவலியோடு எழுந்திருப்பார். தலையணை உறை நனைந்திருக்கும். கரண்ட் போனதில் வியர்த்துவிட்டது என்பார். இந்தக் கடலோரப் புழுக்கத்தில் எந்த வியர்வை வெக்கைக்கு, எந்த வியர்வை தாழ்ந்த சர்க்கரைக்கு என்று யார் பிரித்துப் பார்ப்பது?

ஒரு ராத்திரி மூன்று மணிக்கு எழுப்பி, கையை நீட்டச் சொன்னேன்.

“இந்நேரத்துல எதுக்குய்யா ரத்தம்?”

விரல் சில்லிட்டிருந்தது. பிதுக்கிப் பிதுக்கித்தான் ஒரு சொட்டு வந்தது. மீட்டரில் 56. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பதினைந்து நிமிஷத்தில் 83. அதற்கப்புறம்தான் பிஸ்கட்.

அத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் போடும் கலங்கலான என்.பி.எச். இன்சுலின் உச்சத்துக்கு வர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அது முழு வேகத்தில் வேலை செய்யும்போது வயிறு காலி. விடியும் நேரத்தில் நிலைமை தலைகீழ்: ஊசியின் வேகம் ஓய்ந்துவிடும், கார்டிசோல் போன்ற ஹார்மோன்கள் ஏறும், கல்லீரல் தன் கையிருப்பைத் திறந்துவிடும். ராத்திரி சர்க்கரை மிகவும் இறங்கினால் உடம்பு மிரண்டு காலையில் ஏற்றிவிடும் என்று 1930-களில் மைக்கேல் சொமோகி சொன்னார். தோலில் ஒட்டும் சென்சார்கள் வந்த பிறகு, பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை என்று தெரிந்தது. எப்படியானாலும், காலை எண்ணை மட்டும் பார்த்து ராத்திரி ஊசியைக் கூட்டுவது இருட்டில் கல்லெறிகிற வேலை.

போட்ட ஊசி உடம்பில் எவ்வளவு நேரம் தங்கும்? இதே கேள்வியோடு நியூயார்க்கில், பிராங்க்ஸ் ராணுவ வீரர் மருத்துவமனையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மருத்துவர், சாலமன் பெர்சன். மற்றவர் இயற்பியல் படித்த ரோசலின் யாலோ. இன்சுலினில் கதிரியக்க அயோடினைச் சேர்த்து ஊசி போட்டு, அது ரத்தத்தில் எப்போது மறைகிறது என்று பார்த்தார்கள். ஏற்கெனவே இன்சுலின் போட்டுக்கொண்டவர்களுக்கு அது மெதுவாகவே மறைந்தது. உடம்பே அதை எதிர்த்து ஆன்டிபாடி என்ற ஒரு புரதத்தை உண்டாக்கிப் பிடித்து வைத்திருந்தது. இதைச் சொன்ன கட்டுரையை ஒரு பத்திரிகை திருப்பி அனுப்பியது. இன்னொன்று தலைப்பிலிருந்து ‘ஆன்டிபாடி’ என்ற சொல்லை எடுத்த பிறகே 1956-இல் வெளியிட்டது. அந்தப் புரதத்தையே கருவியாக்கி, ரத்தத்தில் துளித்துளியாய் இருக்கும் இன்சுலினை அளக்கும் முறையை அவர்கள் கண்டுபிடித்தார்கள், காப்புரிமை வாங்கவில்லை. 1977-இல் யாலோவுக்கு நோபல் பரிசு வந்தபோது பெர்சன் உயிரோடு இல்லை. கட்டுரையை மறுத்து வந்த கடிதத்தை நோபல் உரையிலேயே யாலோ காட்டினார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும்.

கட்டுரை வந்த அதே 1956-இல், ஆகஸ்ட் 4 அன்று, டிராம்பேயில் அப்சரா அணு உலை இயங்கத் தொடங்கியது. மருத்துவமனைகளுக்கான கதிரியக்க அயோடின் பிறகு இங்கேயும் தயாரானது. அத்தையிடம் இதைச் சொன்னேன். “சுவத்துக்கு அந்தப் பக்கம் மருந்தும் பண்ணுதாங்களா?” என்றார்.

மருத்துவர் இப்போது ஊசியின் அளவைக் குறைத்து, படுக்கும் நேரத்துக்கு மாற்றியிருக்கிறார். மூன்று மணிக்கு நூற்றுப்பத்தை ஒட்டி நிற்கிறது. ஸ்ட்ரிப் விற்கிற விலைக்கு வாரத்தில் ஒரு ராத்திரி பார்த்தால் போதும் என்று அத்தையே முடிவு செய்துவிட்டார். அதுவும் சனிக்கிழமை ராத்திரி; எழுப்பிப் பார்க்கிற அவர் மகனுக்கு மறுநாள் வேலை கிடையாது.