அவையெல்லாம் யார் வீட்டுப் பூனைகள்?

அயல்நாடு செல்லும் குடும்பங்கள் திருமுழுக்குச் சான்றும் திருமணச் சான்றும் கேட்டு நம் பங்கு அலுவலகத்திற்கு வருவது இந்நாளில் புதுமையன்று. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஒரு குடும்பம் அவ்வாறு வந்தது. தாய் செவிலி. இங்கிலாந்து நாட்டு மருத்துவமனையொன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. ஆறு வாரங்களில் கணவரோடும் பத்து வயது மகளோடும் அவர் புறப்பட வேண்டும். சான்றுகளில் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். பெற்றோர் விடைபெற எழுந்தனர், சிறுமி எழவில்லை.

“சாமி, பொன்னியை என்ன செய்வது?” என்றாள்.

பொன்னி அவ்வீட்டுப் பூனை. நான்கு ஆண்டுகளாக அச்சிறுமியின் காலடியில் உறங்கிப் பழகியது. நாமோ அதிகம் சிந்திக்கவில்லை. “மீன் ஏலக் கூடத்தில் விட்டுவிடுங்கள். அங்கே எத்தனையோ பூனைகள் பிழைக்கவில்லையா?” என்று சொல்லிவிட்டோம்.

சிறுமி சற்று நேரம் நம் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு, “அவையெல்லாம் யார் வீட்டுப் பூனைகள், சாமி?” என்று கேட்டாள்.

நம்மிடம் விடையில்லை. மறுநாள் காலைப் பூசை முடிந்து ஏலக் கூடத்தின் வழியே வந்தபோது முதன்முறையாக அப்பூனைகளை உற்று நோக்கினோம். காது கிழிந்தவை, கண் புழுத்தவை, எலும்பு தெரிபவை. அவற்றுள் ஒன்றின் கழுத்தில் நைந்துபோன சிவப்பு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. எவரோ ஒருவர் அன்போடு கட்டிய நாடா அது. நாம் கூறிய அறிவுரை எத்தகையது என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது.

அன்றே கால்நடை மருத்துவரைச் சந்தித்து, பூனையையும் உடன் கொண்டு செல்ல இயலுமா என்று வினவினோம். இயலும், ஆனால் ஆறு வாரங்களில் இயலாது என்றார் அவர். நம் நாட்டிலிருந்து இங்கிலாந்திற்குச் செல்லும் பூனையின் தோலுக்கடியில் முதலில் அரிசிமணி அளவுள்ள மின்னணுச் சில்லு ஒன்றைச் செலுத்த வேண்டும். அதிலுள்ள 15 இலக்க எண்ணே அதன் அடையாளம். அதன்பின் வெறிநோய்த் தடுப்பூசி. ஊசி போட்டு 30 நாள்களேனும் கழிந்த பின்னர் இரத்தம் எடுத்து, அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் நோய் எதிர்ப்பாற்றல் போதிய அளவில் உள்ளதா எனச் சோதிக்க வேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதங்கள் காத்திருக்க வேண்டும். ஊசிக்கு முன்பே நோய்க்கிருமி உடலில் புகுந்திருந்தால் அது வெளிப்படுவதற்கான அவகாசம் இது. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரும் பிழைப்பது அரிதினும் அரிது. ஆதலால் இக்கண்டிப்பைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. 2012ஆம் ஆண்டுக்கு முன்பு நம் நாட்டுப் பூனை அங்கே சென்று இறங்கியபின் 6 மாதங்கள் காப்பகத்தில் அடைபட்டுக் கிடக்க வேண்டியிருந்ததாம்.

இவற்றோடு, புறப்படும் வேளையில் அரசுக் கால்நடை அதிகாரியின் நலச்சான்றும் வேண்டும். இங்கிலாந்து செல்லும் விமானத்தில் பூனையை மடியில் வைத்துக்கொள்ளவும் இயலாது. சரக்குப் பிரிவில்தான் அனுப்ப வேண்டும். செலவோ ஓர் ஆளின் பயணச் சீட்டை விஞ்சும். போதாக்குறைக்கு, அவர்கள் குடியேறவிருந்த வாடகை வீட்டில் பிராணிகளுக்கு அனுமதியில்லை. தோபித்து நூலில் இளைஞன் தோபியாவின் பயணத்தில் அவன் நாயும் உடன் நடந்ததைப் படிக்கிறோம். அந்நாய்க்கு இத்தனை தொல்லைகள் இருந்ததாகத் தெரியவில்லை!

ஆகவே பொன்னிக்கு ஊரிலேயே ஒரு வீடு தேட வேண்டியதாயிற்று. எனினும், பின்னாளில் அழைத்துக்கொள்ள வழி இருக்கட்டும் என்று தந்தை சில்லும் ஊசியும் போடச் செய்தார்.

முதல் முயற்சியில் தவறினோம். இரண்டு கிலோமீட்டர் தொலைவிலிருந்த தோப்பு வீட்டார் மனமுவந்து பெற்றுக்கொண்டனர். ஆனால் கூடையைத் திறந்த அன்றே பூனையை வெளியே உலவ விட்டுவிட்டனர். மூன்றாம் நாள் விடியலில் பொன்னி நொண்டிய காலோடு பழைய வீட்டு வாசற்படியில் வந்து கிடந்தது. பூனை ஆளைவிட இடத்தையே பற்றிக்கொள்ளும் என்று பெரியோர் சொல்வதை நாம் மறந்திருந்தோம்.

பின்னர், தனித்து வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரை அணுகினோம். கணவரை இழந்தவர், பிள்ளைகள் இருவரும் கனடாவில். “இந்த வீட்டில் வளர்ந்தவர்கள் எல்லாரும் போகிறவர்கள்தாம், சாமி. இதையும் வளர்த்து வழியனுப்ப எனக்குத் தெம்பில்லை” என்றார். நாம் வற்புறுத்தவில்லை. ஒரு வாரம் சென்றபின் அவரே வந்து, “கால் ஆறும் வரை வைத்திருக்கிறேன்” என்றார்.

இம்முறை மருத்துவர் கூறியபடியே செய்தோம். ஓர் அறையில் இரண்டு வாரங்கள் கதவடைத்து வைத்தோம். மணல் நிரப்பிய தட்டு ஒரு மூலையில். உணவும் நீரும் மறு மூலையில். படுக்கைக்குச் சிறுமியின் துவைக்காத பழைய சட்டை. பழகிய மணம் அச்சத்தைத் தணிக்குமாம். சிறுமி தன் கைப்பட ஒரு தாள் எழுதித் தந்தாள்: சாளை மீன் பிடிக்கும், வெடிச்சத்தம் ஆகாது, வயிற்றைத் தொடக்கூடாது, தாடைக்கடியில் சொறிந்தால் கண்ணை மூடிக்கொள்ளும். ஊசிச் சீட்டையும் அத்தாளோடு இணைத்து ஆசிரியையிடம் கொடுத்தாள். அழவில்லை. குடும்பம் புறப்பட்டுச் சென்ற பின்னர் ஒருநாள், இரவு உணவுக்குச் சற்று முன்பாக, பசியோடிருந்த பொன்னிக்கு ஆசிரியை கதவைத் திறந்துவிட்டார். சுற்றிப் பார்த்துவிட்டு, தட்டின் ஓசை கேட்டதும் அது உள்ளே திரும்பியது.

இரத்தச் சோதனைக்காகப் பொன்னியைக் கூடையில் சுமந்து சென்றவர் நாமே. எதிர்ப்பாற்றல் போதுமென்று முடிவு வந்தது. மூன்று மாதங்களும் கழிந்தன. “ஏழைகள் பலர் இருக்கப் பூனைக்கு இத்தனை பாடா?” என்று பங்கில் சிலர் கேட்டனர். நேர்மையான கேள்விதான். ஏழைக்குரிய ஒரு காசும் இதில் செலவாகவில்லை. ஒரு நல்ல வீட்டைத் தேடித் தருவதற்குப் பணத்தைவிடப் பொறுமையே மிகுதியாக வேண்டியிருந்தது.

2024ஆம் ஆண்டு தவக்காலத்தில் தாய் தொலைபேசியில் அழைத்தார். வேறு வீடு கிடைத்துவிட்டது, பூனைக்கும் இடமுண்டு, அனுப்பிவைக்க இயலுமா என்றார். அச்செய்தியை ஆசிரியையிடம் எடுத்துச் செல்ல நம் கால்கள் தயங்கின. அவரோ, “அது அந்தப் பிள்ளையின் பூனைதானே” என்று மட்டும் சொல்லி, கூடையைத் தூசு தட்டி வெளியே எடுத்துவைத்தார்.

அன்று மாலை சிறுமியைக் காணொளியில் அழைத்தோம். திரையில் அவள் கண்டது, ஆசிரியையின் மடியில் சுருண்டு உறங்கும் பொன்னியை. ஆசிரியையின் விரல்கள் அதன் தாடைக்கடியில் இருந்தன. சிறுமி பெயர் சொல்லி அழைத்தாள். பொன்னி ஒரு காதை மட்டும் அசைத்து மீண்டும் உறங்கிற்று. நெடுநேரம் பேச்சில்லை.

“டீச்சரம்மா, அது உங்களிடமே இருக்கட்டும்” என்றாள் சிறுமி. பிறகுதான் அழுதாள்.

பிரிவது வேறு, கைவிடுவது வேறு என்பதை அப்பிள்ளை நமக்குக் கற்பித்தாள். இப்போது சான்று கேட்டு வரும் குடும்பங்களிடம் நாம் மேலும் ஒரு கேள்வி கேட்கிறோம்: “வீட்டில் நாய், பூனை ஏதும் உண்டா?” உண்டென்றால், பயணச் சீட்டு வாங்குமுன்னரே அதைப் பற்றியும் அமர்ந்து பேசுகிறோம்.